வண்டியே வீடு: குளிரும் பூச்சியும் – வாசகர் கேள்விகள்

கேரவனிலும் லாரி கேபினிலும் தங்குகிறவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலும் இரண்டே கவலைதான். மலைக்குப் போனால் குளிர், ஊரில் நின்றால் பூச்சி. வடக்கே லோடு ஓட்டிய காலத்தில் இரண்டையும் கேபினுக்குள் படுத்தே பழகினேன். இப்போது மாதவரத்தில் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பதால், அதே தொல்லைகளைக் கட்டும்போதே எப்படித் தடுப்பது என்றும் தினமும் பார்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஒரு டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றி, முறைப்படி ஆர்.சி.யிலும் பதிந்துவிட்டோம். ஜனவரியில் ஊட்டிக்குப் போய் வண்டியிலேயே தங்கினோம். காலையில் எழுந்தால் கண்ணாடியிலும் கூரையிலும் தண்ணீர் சொட்டுகிறது. மெத்தையைப் புரட்டினால் அடியில் ஈரம். எங்கும் ஓட்டை இல்லை என்று வண்டியைக் கட்டியவர் அடித்துச் சொல்கிறார். பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?
– வாசகி, தண்டையார்பேட்டை

அம்மா, அவர் சொல்வது சரிதான். அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை. உங்கள் இருவரின் மூச்சிலிருந்து வந்தது. ஓர் ஆள் இரவு முழுக்கத் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாக ஒரு டம்ளர் தண்ணீராவது ஆவியாக வெளியேறும். இரண்டு பேருக்கு இரண்டு டம்ளர். அதோடு ராத்திரி உள்ளேயே சமைத்திருப்பீர்கள். சமையல் கேஸ் எரியும்போதும் தண்ணீர் ஆவி உண்டாகிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர். சாதம் கொதித்த ஆவி இந்தக் கணக்கில் சேரவில்லை. இவ்வளவும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்க, வெளியே காந்தலிலும் தலைக்குந்தாவிலும் உறைபனி கொட்டுகிறது. தகரம் சில்லென்று ஆகிறது. குளிர்ந்த மோர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வேர்க்கிற மாதிரி, உங்கள் வண்டி உள்பக்கம் வேர்த்திருக்கிறது.

தண்டையார்பேட்டை வீட்டில் இது ஏன் நடப்பதில்லை? நம்மூர்ச் சுவர் அவ்வளவு குளிர்வதில்லை. இன்னொன்று, பத்துக்குப் பத்து அறை ஒன்றில் இருக்கிற காற்றில் பாதிதான் உங்கள் கேரவனுக்குள் இருக்கிறது. பெட்டி சின்னது, காற்று கொஞ்சம். அதற்குள் விடுகிற மூச்சு, எரிக்கிற அடுப்பு, அடிக்கிற மருந்து எல்லாம் நம்மிடமே திரும்பி வரும். இந்த மாதக் கேள்விகள் எல்லாவற்றிலும் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறோம்.

முதல் வேலை, குளிர் என்று எல்லாவற்றையும் மூடாதீர்கள். கூரையில் இருக்கும் காற்றுத் திறப்பை இரண்டு விரல் அளவும், எதிர்ப்பக்கம் கீழே ஒரு சன்னலை ஒரு விரல் அளவும் திறந்து வையுங்கள். குளிர் உள்ளே வருமே என்பீர்கள். கொஞ்சம் வரும். ஆனால் ஈரக் கம்பளிக்குள் படுப்பதைவிட, காற்று லேசாக ஓடும் காய்ந்த கம்பளிக்குள் படுப்பதுதான் கதகதப்பு. சமையலைக் கதவைத் திறந்து வைத்து, பொழுது சாயும் முன்பே முடித்துவிடுங்கள். துவைத்த துணி, ஈரத் துண்டு எதையும் உள்ளே காயப்போட வேண்டாம்.

மெத்தைக்கு அடியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வெறும் பிளைவுட் பலகை என்றால் உடம்புச் சூட்டில் இறங்கும் ஈரம் பலகையில் முட்டி நின்றுவிடும். சில நாளில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அதைச் சுவாசித்தால் இருமல் விடாது. பலகையில் வரிசையாகத் துளை போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் இடைவெளி விட்ட மரச் சட்டங்கள் அடித்து, நடுவில் தேங்காய் நார் விரிப்பைப் போட்டு, அதன்மேல் மெத்தை. காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, தகரத்துக்கும் உள் பலகைக்கும் நடுவில் இருப்பது. இதைக் கேட்காமல் யாரும் கேரவன் கட்டக் கொடுக்காதீர்கள் என்று பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். கண்ணாடி நார்ப் பஞ்சு வைத்திருந்தால் ஆவி உள்ளே புகுந்து நனைந்து, வண்டி குலுங்கக் குலுங்க அடியில் இறங்கிவிடும். மேல்பாதி வெறும் தகரமாகிவிடும். தெர்மாகோலைத் துண்டு துண்டாகச் செருகியிருந்தால் இடுக்கெல்லாம் வேர்க்கும். நைட்ரைல் ரப்பர் ஷீட்டை இடைவெளி இல்லாமல் தகரத்தோடு ஒட்டுவதுதான் என் முறை. உள்காற்று தகரத்தைத் தொடாவிட்டால் வேர்வையும் இல்லை. ஷீட் ஒட்டிய பிறகும் சில இடங்களில் மட்டும் சொட்டினால், அங்கே இரும்புச் சட்டமோ ஸ்க்ரூவோ உள்ளே தலை நீட்டுகிறது என்று அர்த்தம். அதையும் மூடவேண்டும். சன்னல்களுக்கு வெள்ளிக் காகிதம் ஒட்டிய குமிழ் ஷீட்டை அளவாக வெட்டி, ராத்திரியில் உள்பக்கம் அழுத்தி வையுங்கள். இந்தச் செலவு ஊட்டிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் தண்டையார்பேட்டை வெயிலைத் தடுப்பதும் இதே ஷீட்தான்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்கவேண்டும். கேரவனுக்கும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வாடகைக் கேரவன் ஓட்டுகிறேன் அண்ணே. கொடைக்கானல் போகிற பார்ட்டிகள் ராத்திரி குளிருக்கு கேஸ் அடுப்பை சிம்மில் எரியவிட்டுத் தூங்கலாமா என்கிறார்கள். சிலர் கரி அடுப்பு கேட்கிறார்கள். இல்லையென்றால் ஜெனரேட்டரை ஓட்டி ஹீட்டர் போடு என்கிறார்கள். முடியாது என்றால் கோபம் வருகிறது. என்ன சொல்வது?
– வாசகர், வியாசர்பாடி

முடியாது என்றே சொல் தம்பி. கோபித்துக்கொண்டு போனால் போகட்டும், உயிரோடு போவார்கள்.

2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை பக்கம் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே ஏறியிருக்கிறது. குளிர்கூட இல்லாத ஊர் அது. அவர்களும் உன்னைப் போல வண்டியோடு வேலை பார்த்தவர்கள். அந்தச் செய்தி வந்த வாரம் பட்டறையில் இருந்த ஒவ்வொரு கேரவனிலும் ஜெனரேட்டர் புகைக்குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படுத்துப் பார்த்தேன்.

காற்று போதாமல் எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, தொண்டை எரிச்சலும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவனுக்குத் தலைவலி எடுப்பதுகூடத் தெரியாது. இதில் கரிதான் மோசம். புகையே இல்லாமல் கங்காகச் சிவந்திருக்கும்போதுதான் அது நிறைய வாயுவை விடும். பார்பெக்யூ முடிந்ததும் மிச்சக் கங்கை உள்ளே எடுத்துப்போய்ப் படுத்து இறந்தவர்கள் கொடைக்கானலிலேயே உண்டு. காஷ்மீரில் காங்கிரி என்று கங்குச் சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொண்டு நடப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் கேபினுக்குள் வைத்துக்கொள்ள ஆசைப்படுவதுண்டு. அவர்கள் விழித்திருந்து நடமாடும்போது வைத்திருக்கிறார்கள். மூடிய தகரப் பெட்டிக்குள் தூங்கும்போது அது எமன்.

உன் முதலாளியிடம் சொல்லி ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி, படுக்கைத் தலைமாட்டு உயரத்தில் மாட்டு. ஆன்லைனில் கிடைக்கிறது. மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா பார். பார்ட்டியிடமும் அதைக் காட்டு. கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்வார்கள்.

சரி, குளிருக்கு என்ன வழி? முகாம் இடத்தில் கரண்ட் இணைப்பு கொடுத்தால் மின்சாரப் போர்வை போதும். அடிக்கடி மலை ஏறுகிற வண்டி என்றால் டீசல் ஹீட்டர் பொருத்தலாம். அது எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியிலேயே தள்ளி, சூட்டை மட்டும் உள்ளே அனுப்பும். புகைக்குழாய் சன்னலுக்கோ கதவுக்கோ அடியில் முடியக்கூடாது, இணைப்புகள் இறுக்கமாக இருக்கவேண்டும், தெரிந்தவர்தான் மாட்டவேண்டும். ஹீட்டர் இருந்தாலும் அலாரம் இருக்கட்டும்.

ஒன்றுமே இல்லையா? தரையிலிருந்துதான் குளிர் ஏறும். மேலே போர்த்த இரண்டு கம்பளி இருந்தால் ஒன்றை அடியில் விரி. காதை மூடும் தொப்பி, காய்ந்த சாக்ஸ், துணியில் சுற்றிய சுடுதண்ணீர்ப் பை. காஷ்மீர் மலைப்பாதையில் பனிஹால் பக்கம் ரோடு மூடி லாரிகள் வரிசையாக நிற்கும் ராத்திரிகளில் நாங்கள் படுத்தது இப்படித்தான். அடுப்பை அணைத்து வெளியே வைத்த பிறகுதான் கதவைச் சாத்தவே விடுவார்கள் மூத்த டிரைவர்கள். அந்தக் கண்டிப்பால்தான் நிறையப் பேர் வீடு திரும்பினோம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னரோடு வரிசையில் நின்றால் சாப்பாடு, தூக்கம் எல்லாம் கேபினில்தான். சின்னச் சின்னக் கரப்பான்கள் டேஷ்போர்டு முழுக்க ஓடுகின்றன. ஸ்பிரே அடித்தால் ஒரு வாரம் அடங்கும், திரும்ப வரும். இப்போது மூட்டைப்பூச்சியும் சேர்ந்து, போர்வையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் ராத்திரி முழுக்கச் சொறிகிறார்கள். மாமியார் அவர் சுத்தமில்லை என்று திட்டுகிறார்.
– வாசகி, திருவொற்றியூர்

தங்கச்சி, முதலில் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். இது சுத்தமில்லாத ஆளுக்கு வருகிற தொல்லை இல்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட் வரை நகர்ந்து நகர்ந்து போகிற வரிசையில் ஒரு மனிதனுக்குக் குளிக்க இடம் கிடையாது, உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. பரோட்டா பொட்டலத்தை ஸ்டியரிங்கில் வைத்துத்தான் பிரிக்கவேண்டும். அந்த வாழ்க்கையில் பூச்சி வருவது டிரைவரின் குற்றமே இல்லை.

கரப்பானும் மூட்டைப்பூச்சியும் தனித்தனி வேலை. கரப்பானை முதலில் பார்ப்போம்.

சாக்கடையிலிருந்து வரும் பெரிய சிவப்புக் கரப்பான் வேறு. கேபினில் ஓடுவது அரை அங்குலத்துக்குச் சற்றே பெரிய, முதுகில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட ஜெர்மன் கரப்பான். அது சாக்கடையில் இருக்காது. சூடான, ஒடுக்கமான இடம்தான் அதற்கு வீடு. டேஷ்போர்டுக்குப் பின்னால், ஃபியூஸ் பெட்டிக்குள், ரேடியோ இடுக்கில், படுக்கைப் பலகைக்கு அடியில். ஒரு முட்டைக் கூட்டில் முப்பது நாற்பது குஞ்சு இருக்கும். பொரியும் நேரம் வரை தாய் அந்தக் கூட்டை வாலில் சுமந்துகொண்டே மறைந்திருக்கும். நீங்கள் அடிக்கிற ஸ்பிரே வெளியே திரிவதை மட்டும் கொல்கிறது. மற்றவை இன்னும் உள்ளே போகின்றன. அந்த வாரம் முழுக்க உங்கள் வீட்டுக்காரர்தான் மூடிய கேபினில் ஸ்பிரேயைச் சுவாசித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஸ்பிரேயை நிறுத்திவிட்டு ஜெல் வாங்குங்கள். சிரிஞ்சு மாதிரிக் குழாயில் மருந்துக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். ஒரே இடத்தில் பெரிய உருண்டையாக வைக்கவேண்டாம். கடுகளவுப் புள்ளிகளாகப் பல இடுக்குகளில், கை படாத இடமாகப் பார்த்து வைக்கவேண்டும். தின்ற கரப்பான் மறைவிடத்துக்குப் போய்ச் செத்தால், அதன் எச்சத்தையும் உடம்பையும் தின்கிற மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்துப் பக்கம் ஸ்பிரே அடித்தால் அந்த வாடைக்கு எதுவும் ஜெல்லைத் தொடாது. இரண்டு வாரம் கழித்து, புதிதாகப் பொரிந்த குஞ்சுகளுக்காக இன்னொரு தடவை வையுங்கள்.

கூடவே போரிக் பவுடர். காசிமேட்டிலிருந்து வியாசர்பாடி வரை நம் பக்கம் கேரம் கிளப் இல்லாத தெரு குறைவு, பவுடரும் அங்கெல்லாம் இருக்கும். ஆனால் டப்பாவில் போரிக் ஆசிட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லாக் கேரம் பவுடரும் அது இல்லை. தரை விரிப்புக்கு அடியிலும் பலகை மூலைகளிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகத் தூவினால் போதும். குவியலாக இருந்தால் கரப்பான் சுற்றிக்கொண்டு போய்விடும். சாப்பாட்டுப் பக்கமும், பிள்ளைகள் ஏறி விளையாடும் வண்டியிலும் வேண்டாம். அப்புறம், கேபினில் அட்டைப்பெட்டி எதையும் வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். கடைகளிலிருந்தும் குடோன்களிலிருந்தும் முட்டைக்கூடு வந்து சேர்வது பெரும்பாலும் அட்டைப்பெட்டி மடிப்பில்தான்.

மூட்டைப்பூச்சிக்கு மருந்தைவிடச் சூடு நல்லது. உடம்பு முழுக்க 50 டிகிரிச் சூடு ஏறினால் பூச்சியும் சாகும், முட்டையும் சாகும். அந்தச் சூட்டை நம் ஊர் இலவசமாகத் தருகிறது. வண்டி யார்டில் சும்மா நிற்கிற ஒரு சித்திரை, வைகாசி மதியத்தில் கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, முகம் வெயிலைப் பார்க்கும்படி நிறுத்தச் சொல்லுங்கள். மணலி, மஞ்சம்பாக்கம் யார்டுகளில் நிழலே கிடையாது. இதற்கு அது நல்லது. மெத்தையின் நடுவிலும் சூடு ஏறவேண்டும் என்பதுதான் முக்கியம். தடிமனான பழைய ஃபோம் என்றால் நடுவில் ஏறாது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு மெல்லிய புதுசு வாங்குவதுதான் மிச்சம். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்றை மடிப்புக்குள் செருகிப் பார்த்து, 50-ஐத் தாண்டிய பிறகு இரண்டு மணி நேரம் விடுங்கள். அதற்கு முன் லைட்டர், சென்ட் பாட்டில், பவர் பேங்க் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடவேண்டும். வெடிக்கும்.

வீட்டுக்குத் துணி வரும்போது கேபினிலேயே பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டுத்தான் இறங்கவேண்டும். பை நேராகக் கொதிதண்ணீர்ப் பாத்திரத்துக்குப் போகட்டும். உள்ளே வந்து உதறக்கூடாது. வீட்டுக் கட்டில் இடுக்குகளுக்குக் கொதிதண்ணீர் ஊற்றி, பாயையும் தலையணையையும் மொட்டை மாடியில் காயவையுங்கள். ரத்தம் கிடைக்காமலே பல மாதம் உயிரோடு இருக்கும் பூச்சி அது. ஒருமுறை செய்துவிட்டு விடாதீர்கள்.

கேபினில் மண்ணெண்ணெய், டீசல் தடவுகிற பழக்கம் டிரைவர்களிடம் உண்டு. வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஒரு பீடி நெருப்பு போதும்.

கேள்வி: மழைக்காலத்தில் கேரவனை மணலியில் ஒரு ஷெட்டில் நிறுத்தியிருந்தேன். எலி வயரைக் கடித்து, மெத்தையைக் குதறி, அலமாரியில் குட்டி போட்டுவிட்டது. எலி மருந்து வைத்துவிட்டுக் கிளம்பலாமா?
– வாசகர், கொளத்தூர்

வைக்கவே வைக்காதீர்கள். 2024 நவம்பரில் குன்றத்தூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் எலிக்கு மருந்து வைத்திருந்தார்கள். ராத்திரி ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். சில எலி மருந்துகள் ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற விஷவாயுவை விடும். ஓர் அறையிலேயே அப்படி என்றால், அதில் பாதிக் காற்று இருக்கிற பெட்டியில் என்ன ஆகும்? விஷவாயு வராத மருந்தாகவே இருந்தாலும், எலி பலகைக்குப் பின்னால் போய்ச் செத்தால் பாடியைப் பிரித்துத்தான் எடுக்கவேண்டும். அந்த நாற்றத்தோடு வருகிற வண்டிகளை நான் பிரித்திருக்கிறேன்.

எலியை ஒழிப்பது என்றால் ஓட்டையை ஒழிப்பதுதான். பென்சில் நுழைகிற துளையில் சுண்டெலி நுழையும். முக்கால் அங்குலம் இருந்தால் பெரிய எலியும் வந்துவிடும். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். இன்னொருவர் உள்ளே இருக்கட்டும். இருட்டில் நீங்கள் அடிக்கும் வெளிச்சம் உள்ளே எங்கெல்லாம் தெரிகிறதோ அதெல்லாம் எலியின் வாசல். வயர்கள் தரையைத் துளைத்து ஏறும் இடத்தில் ரப்பர் வளையம் காய்ந்து விழுந்திருக்கும். சிங்க் குழாய் இறங்கும் இடத்தில் துளை குழாயைவிடப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். பெரும்பாலும் இந்த இரண்டு வழிதான். இரும்பு நாரை அடைத்து மேலே சிலிகான் பூசுங்கள். வெறும் ஃபோம் ஸ்பிரே அடித்தால் ஒரே ராத்திரியில் கடித்துவிடும்.

ஒரு துளையை மட்டும் அடைக்கவே கூடாது. கேஸ் சிலிண்டர் வைக்கும் அறையின் அடியில் இருக்கிற திறப்பு. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கி அந்த வழியாகத்தான் வெளியேறவேண்டும். எலிக்குப் பயந்து அதைத் தகடு போட்டு மூடிய வண்டி ஒன்று பட்டறைக்கு வந்தது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அதற்கு, கூரைத் திறப்புக்கு, ஹீட்டர் காற்றுக் குழாய்க்கு எல்லாம் கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலை அடியுங்கள். காற்று போகும், எலி போகாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வளையெல்லாம் தண்ணீர் புகுந்து எலிகள் மேடு தேடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது மணலி, எண்ணூர் பக்கம் நின்ற வண்டிகள் எல்லாவற்றிலும் எலி ஏறியிருந்தது. அதனால் மழைக்கு முன்பே அரிசி, பிஸ்கட், நாய்த் தீவனம், சோப்பு வரை காலி செய்துவிடுங்கள். சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். வாரம் ஒருமுறை போய் இன்ஜினை ஓட்டி, பானட்டைத் திறந்து வெளிச்சம் காட்டுங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பதற்கு அடிக்கும் பொறிதான். காசிமேட்டுக் கருவாட்டுத் துண்டு ஒன்று போதும். நாப்தலின் உருண்டையை எலி பொருட்படுத்தாது. அந்த வாடைக்குத் தலைவலி வருவது தூங்குகிற உங்களுக்குத்தான்.

சுத்தம் செய்யும்போது உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், கை கால் புண் வழியாக உடம்பில் ஏறும். கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலி புழங்கிய இடத்தைக் கழுவினேன் என்று டாக்டரிடம் சொல்லவேண்டும்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் வாடகை கட்டுப்படியாகாமல் ஆர்.வி. என்கிற வண்டி வீட்டில் இருக்கிறான். குளிர்காலத்தில் குழாய் உறைந்துவிட்டது, சுண்டெலி வந்துவிட்டது என்கிறான். போனில் அவன் அம்மா அழுகிறாள். ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகர், ராயபுரம்

ஐயா, அங்கே நிறையப் பேர் அப்படி இருக்கிறார்கள். அந்த வண்டிகளில் புகையை வெளியே தள்ளும் கேஸ் ஹீட்டர் கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. அம்மா அந்த விஷயத்தில் தைரியமாக இருக்கலாம். கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கும். அதன் ஆயுள் சில வருடம்தான், காலாவதித் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் உப்பும், அதில்தான் குழாய் வெடிக்கிறது. வெளியிலிருந்து ஹோஸ் வழியாகத் தண்ணீர் எடுப்பதைக் கடுங்குளிர் நாட்களில் நிறுத்திவிட்டு, வண்டித் தொட்டியை நிரப்பி அதிலிருந்து எடுக்கலாம். இல்லையென்றால் சூடாகும் ஹோஸ் விற்கிறது, அதை வாங்கலாம். கழிவுநீர் வால்வை எப்போதும் திறந்து வைத்தால் சொட்டுச் சொட்டாக உறைந்து அடைத்துக்கொள்ளும். மூடி வைத்து, நிறைந்ததும் மொத்தமாகத் திறக்கவேண்டும். சிங்குக்கு அடியில் இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் உள் சூடு குழாய்க்கும் போகும்.

வண்டியைச் சுற்றித் தரை வரை பாவாடை மாதிரி ஃபோம் பலகையோ தார்ப்பாயோ கட்டுவார்கள். அடியில் காற்று வீசாததால் தரை சில்லிடாது. அது ரொம்ப உதவும். ஆனால் அந்தக் கதகதப்புக்கே சுண்டெலியும் வரும். கட்டுவதற்கு முன் கொளத்தூர் வாசகருக்குச் சொன்ன டார்ச் வேலையைச் செய்து துளைகளை அடைக்கட்டும். ஹீட்டர் புகை வெளியேறும் வாயைப் பாவாடையோ பனியோ மூடாமல் தினமும் பார்க்கட்டும். அம்மாவிடம் அழவேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை சமாளித்துக்கொண்டிருக்கிறான்.

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் வேனில் அக்டோபர் கடைசியில் லடாக் போகிறோம். படுப்பது வேனிலேயே. வண்டிக்கு என்ன பார்க்கவேண்டும்?
– வாசகர், பெரம்பூர்

சாதாரண டீசலில் கடுங்குளிரில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று குளிர்கால டீசல் கொண்டுவந்தது. மைனஸ் 33 டிகிரி வரை ஓடும். கீழே நிரப்பிய டீசலை முக்கால்வாசி தீர்த்துவிட்டு அங்கே கிடைப்பதை நிரப்புங்கள். பி.எஸ். 6 என்கிற புதிய புகை விதிப்படி வந்த வண்டியில் மண்ணெண்ணெய் கலக்கவேண்டாம். டேங்குக்கு அடியில் தீ மூட்டிச் சூடாக்குகிறவர்களைப் பார்த்து நீங்களும் செய்யவேண்டாம். அந்த வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற யூரியா கரைசல் மைனஸ் 11-ல் உறையும். வண்டி ஓட ஆரம்பித்தால் தானாகக் கரையும், பயப்படவேண்டாம். கூடுதல் கேனைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள்.

லித்தியம் பேட்டரி வைத்திருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது, கெட்டுவிடும். அதை ஆள் படுக்கும் பக்கம் உள்ளே வையுங்கள். நம் சமையல் கேஸில் பியூட்டேன் நிறைய இருக்கிறது. பூஜ்யத்தை நெருங்கினால் அது ஆவியாகாது, சிலிண்டர் கனமாக இருந்தும் அடுப்பு எரியாது. சிலிண்டரைக் கம்பளியில் சுற்றுவதால் மட்டும் பெரிய பலன் இல்லை. பகல் வெயிலில் சமைத்து ஃபிளாஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட இது முக்கியம். லே 3,500 மீட்டர் உயரம். அங்கே போன முதல் இரண்டு நாள் உயரத்தாலேயே தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரலாம். கார்பன் மோனாக்சைடு தாக்கினாலும் இதே தலைவலி, குமட்டல், தலைசுற்றல்தான். எது என்று உங்களால் பிரித்துச் சொல்லமுடியாது. அதனால் வியாசர்பாடி தம்பிக்குச் சொன்ன அலாரம் இல்லாமல் போகாதீர்கள். நாலு பேரில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் காரணம் யோசிக்காமல் எல்லோரும் கீழே இறங்கி வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். வெளியே வந்தும் தலைவலி தெளியாவிட்டால் உயரம்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள், வாயு தாக்கிய தலைவலியும் உடனே தெளியாது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் வண்டியை நிறுத்தினால் கொசு தின்றுவிடுகிறது. கேபினில் கொசுவர்த்தி வைக்கலாமா?
– லாரி ஓட்டுநர், எண்ணூர்

வேண்டாம் அண்ணே. ஒரு கொசுவர்த்தி முழுக்க எரிந்தால் விடுகிற நுண்துகள் 75 சிகரெட்டுக்குக் குறையாது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். வீட்டு அறைக்கே அது அதிகம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். பழைய வண்டிக்கு வலைதான் வழி. கண்ணாடி அளவுக்குக் கொசுவலை வெட்டி, ஓரத்தில் காந்தப் பட்டை தைத்து, கதவுச் சட்டத்தில் வெளியிலிருந்து ஒட்டிவிடுங்கள். கண்ணாடியை இறக்கிக்கொண்டு காற்றோட்டமாகத் தூங்கலாம். தையற்கடையில் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. தார்ப்பாய் மடிப்பிலும் பழைய டயரிலும் மழைத் தண்ணீர் நின்றால் வாரம் ஒருமுறை கொட்டிவிடுங்கள், டெங்கு கொசு முட்டை போடுவது அந்தத் தண்ணீரில்தான்.